எழுகடல் தெருவிலிருந்து ஆவுளியா தேடி...

மதுரையில் எழுகடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குப் பக்கம், புதுமண்டபத்தைத் தாண்டினால் வந்துவிடும். மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை வந்ததாம். வயதான காலத்தில் மாமியாரை அலைய விட வேண்டாம் என்று சொக்கநாதர் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைத்தார் என்கிறது திருவிளையாடல் கதை. அந்த ஏழு கடலும் வந்து நின்ற குளம் இன்று இல்லை. தெருவின் பெயர் மட்டும் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு இப்படித்தான். பாண்டியர் கொடியில் மீன், அம்மன் பெயரில் மீன், கொற்கை முத்து நம்ம ஊர் முத்து. ஆனால் கடலைப் பார்க்கணும்னா பஸ் ஏறி மூன்று மணி நேரத்துக்கு மேல் போகணும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாமநத்தம் கண்மாய்க்கும் அரிட்டாபட்டி மலைக்கும் பறவை பார்க்கப் போகிற சிறு கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. ஒரு நாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "நம்ம பக்கத்துக் கடல்ல ஆவுளியா இருக்குன்னு சொல்றாங்களே, யாராச்சும் பாத்திருக்கீங்களா?" யாரும் பார்த்ததில்லை. பார்த்தவரைத் தெரிந்தவரும் எங்களில் இல்லை. அன்றிலிருந்து அவ்வப்போது படித்தும், ராமநாதபுரம் கரைக்குப் போய்வந்தும் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அது என்ன?

ஆவுளியா என்றும் கடல்பசு என்றும் நம் மீனவர்கள் சொல்லும் விலங்கின் அறிவியல் பெயர் டுகாங் டுகான். இது மீன் அல்ல. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். சுமார் மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை வரை வளரும். கடலில் வாழும் பாலூட்டிகளிலேயே முழுக்க முழுக்கத் தாவர உணவை நம்பி வாழ்வது இந்தக் கடல்பசு இனங்கள்தான். அதன் நெருங்கிய சொந்தக்காரர் திமிங்கிலமோ ஓங்கிலோ இல்லை, யானை! ஆண் ஆவுளியாவுக்குச் சின்னதாகத் தந்தம்கூட முளைக்கும்.

சாப்பாடு கடற்புல். பலர் இதைப் பாசி என்று நினைக்கிறார்கள். கடற்புல் என்பது வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள முழுமையான தாவரம். வெளிச்சம் தரை வரை எட்டும் ஆழம் குறைந்த கடலில்தான் வளரும். பாக் விரிகுடா அப்படிப்பட்ட கடல். ஒரு ஆவுளியா நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல்லைத் தின்னும். நுனிப்புல் மேயாது, கிழங்கோடு சேர்த்துப் பிடுங்கித் தின்னும். அது மேய்ந்த இடத்தில் கடலடி மணலில் நீளமாக ஒரு தடம் விழுந்திருக்கும். படத்தில் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர்ப் பக்கத்து உழவுச்சால்தான் ஞாபகம் வந்தது.

எழுபது வருடம் வரை வாழக்கூடியது. ஆனால் பெருகுவது மிக மெதுவாக. முதல் குட்டி போடுவதற்கே ஆறு வருடத்திலிருந்து பதினேழு வருடம் வரை ஆகலாம். கர்ப்பம் 13 முதல் 15 மாதம், ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. எல்லாம் நல்லபடியாக அமைந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது என்பது ஆய்வாளர்கள் போட்டிருக்கும் கணக்கு. இந்த 5 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பார்த்தவர்கள் எழுதிவைத்தது

நம் கடலின் ஆவுளியாவைப் பற்றி எழுதியவர்களைத் தேடினால் வரிசை ரொம்பப் பின்னால் போகிறது. சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்த மெகஸ்தனிஸ், தாப்ரபனே தீவை (இலங்கையைத்தான்) ஒட்டிய கடலில் பெண்ணைப் போன்ற தோற்றமுடைய உயிரினம் இருப்பதாகக் குறித்திருக்கிறார். பிற்காலத்து ஈலியனும் அதைப் போலவே எழுதினார். இரண்டையும் எடுத்துப் பேசி, "இது மன்னார்க் கடலில் இருக்கும் ஆவுளியாவாகத்தான் இருக்கும்" என்ற முடிவுக்கு வந்தவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனிச் செயலராக இருந்தவர். 1861-இல் வெளிவந்த அவருடைய இலங்கை இயற்கை வரலாற்று நூலில் கடற்கன்னிக் கதைகளுக்கென்றே சில பக்கங்கள் உண்டு.

அதில் ஒரு சம்பவம் வருகிறது. 1560-இல் மன்னாரில் ஆணும் பெண்ணுமாக ஏழு "கடல் மனிதர்கள்" பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போர்ச்சுகீசிய வைஸ்ராயின் மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் எல்லாம் மனிதரைப் போலவே இருக்கின்றன என்று சொன்னாராம். இயேசு சபைப் பாதிரியார்களின் வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது என்றுதான் தோன்றுகிறது. மீன் என்று நினைத்துக் கத்தி வைத்தவருக்கு நுரையீரலும் கருப்பையும் கிடைத்தால் என்ன எழுதுவார்? ஆவுளியாவின் பால்காம்புகள் வேறு முன்துடுப்புகளின் அக்குளில், நெஞ்சுப் பக்கமாக இருக்கும். 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் கடலில் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்தார். ஓவியத்தில் வரைவது போல அவை அவ்வளவு அழகாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் பார்த்தது ஆவுளியாவின் உறவான மனாட்டி. இந்த விலங்குகளின் வரிசைக்கே 'சைரீனியா' என்று பெயர். கிரேக்கக் கதையில் பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்களிடமிருந்து வந்த பெயர் அது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல், 1905-இல் வங்காள ஆசியச் சங்க இதழில் ஆவுளியாவின் தோற்றம், பழக்கம் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு மண்டபம் முகாம் இந்த ஆராய்ச்சிக்கு மையமானது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபத்துக்கு வந்து, 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தது.

1959-இல் வலையில் சிக்கிய ஆண் ஒன்றையும் பெண் ஒன்றையும் அந்த நிலையத்தார் மண்டபத்தில் வைத்து வளர்த்தார்கள். ஏறக்குறைய பத்து வருடம் அவை அங்கே உயிரோடு இருந்தன. தினமும் கடற்புல் சேகரித்துப் போடுவதே ஒரு பெரிய வேலையாக இருந்திருக்கும். நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் இவற்றின் நடத்தையைக் கவனித்து 1967-இல் சர்வதேச விலங்குக்காட்சி ஆண்டு மலரில் கட்டுரை எழுதினார். நிலையத்தார் 1975-இல் ஆவுளியாவுக்கென்றே தனி மலர் ஒன்றும் வெளியிட்டார்கள். 1985-இல் சைலஸும் பெர்னாண்டோவும் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: இந்திய ஆவுளியா டோடோ பறவையின் வழியில் போகிறதா?

இவ்வளவையும் படித்துக் குறிப்பெடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மெகஸ்தனிஸ் கேட்டதை எழுதியவர். கோவா மருத்துவர் பார்த்தது அறுவை மேஜையில். மண்டபத்து விஞ்ஞானிகள் பார்த்தது பெரும்பாலும் வலையில் சிக்கியதை, கரை ஒதுங்கியதை, இறைச்சிக்காகக் கொண்டுவரப்பட்டதை. உயிரோடு நெடுநாள் பார்க்கக் கிடைத்தவையும் அடைத்து வைக்கப்பட்ட அந்த இரண்டுதான். ஆவுளியாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி செத்த ஆவுளியாக்கள் சொன்னது. கடலில் சுதந்திரமாக மேயும் ஆவுளியாவைப் பார்த்து எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

ஏன் கண்ணில் படாது?

மண்டபம் பக்கத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன், "ஐயா, ஆவுளியா பாக்கணும்னா எங்க போகணும்?" அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "பாக்கணும்னு போனா அது வராது தம்பி. நாங்க நாப்பது வருஷமா கடலுக்குப் போறோம். வெளிய தெரியறது மூக்கு மட்டுந்தான். அதுவும் நீங்க கைய நீட்டிக் காட்றதுக்குள்ள உள்ள போயிரும்."

அவர் சொன்னது துல்லியமான விவரணை. ஓங்கிலுக்கு முதுகில் துடுப்பு உண்டு, துள்ளும், படகோடு சேர்ந்து ஓடும். ஆவுளியாவுக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. மூக்குத் துவாரங்கள் முகத்தின் மேல்பகுதியில் இருப்பதால் தலையைத் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். இன்ஜின் சத்தம் கேட்டால் விலகிப் போகும். சுற்றுலாப் படகில் போய் "ஆவுளியா பாத்தோம்" என்று திரும்புகிறவர்களில் பலர் பார்த்தது ஓங்கிலாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணம், எண்ணிக்கை. இந்தியாவில் ஆவுளியா இருப்பது மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களில். எல்லாம் சேர்த்து 250-ஐத் தாண்டாது என்பது பொதுவான மதிப்பீடு. அதில் பெரும்பகுதி நம் பாக் விரிகுடாவில். இப்போது அந்த 5 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். 200 ஆவுளியா இருந்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் வருடத்துக்குக் கூடுவது 10. வருடத்தில் பத்துக்கு மேல் கூடுதலாக வலையில் செத்தால் கணக்கு கீழ்நோக்கிப் போகும். எண்ணிக்கை குறைய வேட்டைக்காரர் கூட்டம் தேவையில்லை, சில வலைகள் போதும்.

அப்படி நடந்ததற்கு உதாரணமும் இருக்கிறது. 1741-இல் பெரிங் கடல் தீவுகளில் ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் ஆவுளியாவின் பெரிய சொந்தக்காரர் ஒன்றைக் கண்டு விவரித்தார். எட்டு மீட்டர் நீளம். 1768-க்குள் அது உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது. கண்டுபிடித்து 27 வருடம்! நம் காலத்திலேயே, 2022-இல், சீனக் கடற்பகுதியில் ஆவுளியா நடைமுறையில் அற்றுப்போய்விட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

பார்க்கப் போன கூட்டங்கள்

கடல் பாலூட்டி கரைக்கு வந்தால் கூட்டம் கூடாமல் இருக்காது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கத்தில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்களும் அதிகாரிகளும் சிலவற்றை இழுத்துக் கடலில் விட்டார்கள். நாற்பதுக்கும் மேல் செத்துப் போயின. அதே மணப்பாட்டில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியிருக்கின்றன. வாழ்நாளில் ஒருமுறை திமிங்கிலம் பார்த்தவர்கள் நம்மில் பெரும்பாலானோர் பார்த்தது இப்படித்தான், மணலில் கிடந்து மூச்சு வாங்கும் நிலையில்.

வழி தவறி வந்த விலங்கை வேறு மாதிரியும் பார்க்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1994-இல், ஃபுளோரிடாவின் வெதுவெதுப்பான நீரில் இருக்க வேண்டிய ஒரு மனாட்டி, வடக்கே செசபீக் விரிகுடாவுக்கு வந்துவிட்டது. 'செஸ்ஸி' என்று பெயர் வைத்தார்கள். குளிர் வந்தால் செத்துவிடும் என்று பிடித்து விமானத்தில் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த வருடம் அது மறுபடி கிளம்பி, இந்த முறை இன்னும் வடக்கே ரோட் ஐலண்ட் வரை போனது. அதன் உடலில் கட்டியிருந்த கருவி வழியாகப் பயணத்தைப் பின்தொடர முடிந்தது. நேரில் பார்க்க முடியாதவர்களும் அது எங்கே போகிறது என்று செய்தியில் தேடிக்கொண்டிருந்தார்கள். விலங்கைத் தொந்தரவு செய்யாமல் அதன்மேல் அக்கறை வைக்க முடியும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

2022

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் எங்கள் அரிட்டாபட்டி மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. எங்கள் கூட்டத்துக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அரிட்டாபட்டி மலை நகராது, அதைப் போய்ப் பார்க்கலாம். கடலில் வேலி போட முடியாது. பாதுகாப்பகம் என்றால் தேசியப் பூங்கா மாதிரி ஆளை வெளியேற்றும் ஏற்பாடும் இல்லை. மீன்பிடி நடந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் ஆவுளியாவைக் காப்பாற்றுவது யார்?

அது நடுக்கடலில், வலை இழுக்கிற அந்த நேரத்தில் முடிவாகிறது. திருக்கை வலை போன்ற பெரிய கண்ணி வலைகளில் ஆவுளியா சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாது. நிமிடக் கணக்கில் மூழ்கிச் சாகும். உயிரோடு இருக்கும்போதே மீனவர் பார்த்துவிட்டால் அவர் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது: வலையை அறுத்து விடுவதா, வேண்டாமா? 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, பிடிப்பதும் விற்பதும் குற்றம். சரி, ஆனால் வலை அவருடைய காசு. அறுத்தால் அன்றைய பாடும் போச்சு, வலையும் போச்சு.

இருந்தும் கடந்த சில ஆண்டுகளில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் கரைகளில் மீனவர்கள் ஆவுளியாவை விடுவித்த செய்திகள் தொடர்ந்து வருகின்றன. 2016-இல் தொடங்கிய மீட்புத் திட்டத்தில் இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவர்களையே கண்காணிப்பாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. விடுவித்தவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. இது சலுகை இல்லை, நியாயமான கூலி என்பது என் கருத்து. நாம் எல்லாரும் ஆசைப்படுகிற ஒரு விலங்கின் விலையை ஒரு நாட்டுப்படகுக்காரர் மட்டும் தன் கையிலிருந்து கொடுக்கணும் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

வலை ஒரு பாதிதான். மறுபாதி புல். விசைப்படகுகளின் இழுவலை கடலடியை அரித்துக்கொண்டு போனால் கடற்புல் வேரோடு போய்விடும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிச் சட்டம் சொல்கிறது. ஆவுளியா மேய்வதும் பெரும்பாலும் இந்தக் கரையோரப் பகுதியில்தான். புதிய சட்டம் வருவதற்கு முன்னால் பழைய சட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே நிறைய புல் மிஞ்சும்.

இதில் மதுரைக்கும் பங்கு உண்டு. வைகை எங்கே போய்ச் சேர்கிறது? ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பியது போக, வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது ஆற்றங்கரை என்ற ஊர் பக்கம் பாக் விரிகுடாவில் கலக்கிறது. யானைக்கல் பாலத்துக்குக் கீழே நாம் போடுகிற பிளாஸ்டிக் பையில் எது அதுவரை போகும் என்று யாருக்குத் தெரியும்? கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், கலங்கிய நீரில் அது வளராது. சொக்கநாதர் கடலை மதுரைக்கு வரவழைத்தார், நாம் மதுரையைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பார்த்தேனா?

இல்லை. இதுவரை நாலு தடவை போய்விட்டேன். வடகடல் பக்கம் காலையிலேயே போய்க் கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் கண் வலிக்கப் பார்த்ததுதான் மிச்சம். ஒரு தடவை ஓங்கில் கூட்டம் தெரிந்தது. படகு அமர்த்திக்கொண்டு தேடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இன்ஜின் சத்தத்தோடு புல்வெளி மேல் துரத்திப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை, நண்பரும் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

கடைசியாகப் போனபோது அதே பெரியவரைப் பார்த்தேன். "கெடச்சுதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அவர் சொன்னார், ஒரு தடவை அவர் வலையிலேயே சிக்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு குட்டி சுற்றிச் சுற்றி வந்ததாம். "வலைய அறுத்து விட்டோம். போயிருச்சு. அதுக்கப்பறம் நானும் பாக்கல."

எவ்வளவு வலை நஷ்டம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இரண்டாயிரம் வருடத்துக் குறிப்புகளைப் புரட்டியதில் ஆவுளியாவைப் பார்த்தவர்கள் நிறைய பேர் கிடைத்தார்கள். பார்த்து, போக விட்டவர் என்று எனக்கு நேரில் கிடைத்தது இவர் ஒருவர்தான். இவர் பெயர் எந்த மலரிலும் வராது. அந்தக் குட்டி பிழைத்திருந்தால், இப்போது அதற்கும் ஒரு குட்டி இருக்கும் வயது.